ப்ரெத் ஆஃப் த வைல்ட்: எரிச்சல்களையும் சேர்த்து எடைபோட்டால்

‘ஜெல்டா: ப்ரெத் ஆஃப் த வைல்ட்’ வீடியோ கேமை விளையாடியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் கொஞ்ச நேரத்திலேயே வாள் உடைகிற விஷயத்தில் வந்து நிற்கும். கொஞ்சம் அடித்ததுமே கையிலிருக்கும் ஆயுதம் நொறுங்கிப் போகிறது, இதெல்லாம் ஒரு கேமா என்று ஒருவர் கேட்பார். அதுதானே கேமின் உயிர் என்று இன்னொருவர் மல்லுக்கு நிற்பார். 2017 மார்ச் 3ஆம் தேதி நிண்டெண்டோவின் ஸ்விட்ச், வீ யூ என்ற கேம் கருவிகளில் வெளிவந்ததிலிருந்து இந்த வாக்குவாதம் ஓயவே இல்லை. நான் இந்த கேமை முடித்துவிட்டு, அப்புறமும் விடாமல் திரும்பத் திரும்ப உள்ளே போய்க்கொண்டிருப்பவன். நல்லது கெட்டது என்று இரண்டு பத்தி போட்டு எழுதினால் இந்த கேமைப் பற்றி உருப்படியாக ஒன்றும் சொல்ல முடியாது என்பதுதான் என் எண்ணம். ஏனென்றால் இதில் பாதி எரிச்சல்கள் வேண்டுமென்றே வைக்கப்பட்டவை, மீதிப் பாதி உண்மையிலேயே குறைகள், இரண்டும் விளையாடும்போது ஒரே மாதிரிதான் கடுப்பேற்றும். இரண்டையும் பிரித்துப் பார்க்க நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இந்த எரிச்சல் என்னைப் புதிதாக எதையாவது செய்ய வைக்கிறதா, இல்லை செய்ததையே மறுபடி செய்ய வைக்கிறதா?

முதலில் அந்த வாளையே எடுத்துக்கொள்ளலாம். போகோப்ளின் என்ற அரக்கர்களின் கூடாரம் ஒன்று கண்ணில் படுகிறது, உங்களிடம் இருப்பதோ உடையப்போகிற ஒரு கத்தியும் ஒரு மரக்கட்டையும் மட்டும். கத்தி உடையாது என்றால் நேரே போய் வெட்டிவிட்டு வந்துவிடுவீர்கள், எல்லாக் கூடாரமும் ஒரே கூடாரமாகிவிடும். உடையும் என்பதால்தான் நின்று பார்க்கிறீர்கள். மேலே மேட்டில் ஒரு பாறாங்கல் இருக்கிறது, தள்ளிவிட்டால் நேராக அவர்கள் தலையில்தான் உருளும். ராத்திரி ஆனால் தூங்கிவிடுவார்கள், குனிந்தபடி நடந்துபோய் அவர்கள் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கும் ஆயுதங்களை எடுத்துக்கொள்ளலாம், விழித்தவன் வெறுங்கையோடு நிற்பான். மண்டையோடு வடிவத்தில் பாறைக்குள் இருக்கும் கூடாரம் என்றால் உள்ளே கயிற்றில் ஒரு விளக்கு தொங்கும், அடியில் வெடிக்கிற சிவப்புப் பீப்பாய்கள் இருக்கும், கயிற்றைக் குறிபார்த்து ஒரு அம்பு விட்டால் போதும். இத்தனையும் கேம் உட்கார்ந்து பாடம் நடத்திச் சொல்வதில்லை. கத்தியைச் செலவழிக்க மனசு வராமல் சுற்றிச் சுற்றிப் பார்த்ததில்தான் நானே கண்டுபிடித்தேன். அதனால் வாள் உடைவது என் கணக்கில் குறை இல்லை.

ஆனால் அதோடு முழுதாகச் சமாதானமாகிவிடவும் முடியவில்லை. கேமின் பின்பாதியில் வெள்ளி நிற எதிரிகள் வந்துவிடுகிறார்கள், ஒருவனைச் சாய்க்கவே நல்ல வாள் ஒன்றிரண்டு காலியாகும், அவனிடமிருந்து கிடைப்பதோ நீங்கள் உடைத்ததைவிட மட்டமான ஆயுதம். அந்தக் கட்டத்தில் யாராக இருந்தாலும் சண்டையையே தவிர்த்துவிட்டு ஒதுங்கிப் போகத்தான் தோன்றும். ஆரம்பத்தில் யோசிக்க வைத்த அதே விதி, கடைசியில் ஓட வைக்கிறது. 2023 மே 12 அன்று வந்த அடுத்த பாகமான ‘டியர்ஸ் ஆஃப் த கிங்டம்’ கேமிலும் ஆயுதங்கள் உடையத்தான் செய்கின்றன, ஆனால் எதிரியிடம் கிடைத்த கொம்பையோ நகத்தையோ உங்கள் வாளோடு ஒட்டிக்கொள்ளும் வசதி அதில் வந்துவிட்டது, அடித்த சண்டைக்குப் பலன் உண்டு. அதை விளையாடிய பிறகுதான் முதல் பாகத்தில் என்ன குறைந்தது என்று எனக்குத் தெளிவாகப் புரிந்தது: உடைவது இல்லை பிரச்சினை, உடைத்ததற்கு ஈடாக எதுவும் கைக்கு வராததுதான்.

புதிதாகத் தொடங்குபவர்கள் இதில் கவனிக்க வேண்டியது ஒன்றிரண்டு இருக்கிறது. நல்ல வாளைப் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டே போகாதீர்கள், பை நிரம்பி, புதிதாகக் கிடைப்பதை எடுக்க இடமில்லாமல் திண்டாடுவீர்கள். பிளட் மூன் என்று சிவப்பு நிலா வரும்போதெல்லாம் செத்த எதிரிகள் எழுந்து வருவதோடு, வெளியே கிடந்து நீங்கள் எடுத்த ஆயுதங்களும் பழைய இடத்துக்கே திரும்பி வந்துவிடும், எனவே நல்ல ஆயுதம் கிடைத்த இடத்தை மேப்பில் குறித்து வைத்தால் அது வற்றாத கிணறு. ஆயுதம் உடையப்போகிறது என்று எச்சரிக்கை வந்ததும் அதைக் கையில் வைத்து அடிக்காமல் எதிரி மேல் வீசிவிடுங்கள், உடைகிற அடிக்கு எப்போதும் பலம் கூடுதல். மரம் வெட்ட ஒரு கோடரியும் பாறை உடைக்க ஒரு சம்மட்டியும் எப்போதும் பையில் இருக்கட்டும், சண்டை வாளைப் பாறையில் அடித்து வீணாக்குவதைப் போலக் கொடுமை வேறில்லை. ககாரிகோ கிராமத்துக்குப் போகிற வழியிலேயே ஹெஸ்டு என்று ஒரு பெரிய மரப் பிறவி நின்றுகொண்டிருக்கும். அங்கங்கே ஒளிந்திருக்கும் கோரோக் என்ற குட்டி மர ஆவிகளிடம் கிடைக்கும் விதைகளைக் கொடுத்தால் பையைப் பெரிதாக்கித் தரும். விதைகள் மொத்தம் 900 இருக்கின்றன, ஆனால் பையை முழுதாகப் பெரிதாக்க 441 போதும். 900ஐயும் தேடிப் பிடித்தால் கிடைப்பது விளையாட்டில் எதற்கும் உதவாத ஒரு கேலிப் பரிசு, அதற்காக ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மழைக்கு வருவோம். இந்த கேமில் ஏறக்குறைய எல்லா மலையிலும் சுவரிலும் ஏறலாம், அதுவே பெரிய சுதந்திரம், ஆனால் மழை பிடித்துவிட்டால் நாலைந்து பிடி ஏறியதும் கை வழுக்கிக் கீழே சறுக்கும், ஸ்டாமினா, அதாவது உடம்பின் தெம்பு, கரையும். உச்சிக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது மழை தொடங்கினால் வரும் கோபம் இருக்கிறதே, சொல்லி மாளாது. அதே மழைக்குள் வேறு என்னென்ன இருக்கிறது என்று பார்த்தால், காலடிச் சத்தம் எதிரிகளுக்குக் கேட்பது குறைகிறது, தீ அம்பு அணைந்துவிடுகிறது, மின்சார அம்பு ஈரத்தில் கூடுதல் தூரம் பாய்கிறது. இடி மின்னலோடு மழை வந்தால் இரும்புச் சாமான் வைத்திருப்பவர் மேல் பொறி பறக்கும், உடனே வாளையும் கேடயத்தையும் கழற்றாவிட்டால் இடி நேராக நம் தலையில்தான். கழற்றிய இரும்பு வாளை எதிரிக் கூட்டத்துக்கு நடுவில் வீசிவிட்டு ஒதுங்கி நின்றால்? இடி அங்கே விழும். முதல் தடவை இது பலித்தபோது நான் கண்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுக் கை தட்டினேன்.

அதாவது மழை சண்டைக்கு வளம், ஏறுவதற்கு வெறும் தடை. மலையில் தொங்கிக்கொண்டிருப்பவர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, ஏதாவது பாறைக்கு அடியில் ஒதுங்கி, விறகையும் சிக்கிமுக்கிக் கல்லையும் போட்டுத் தீ மூட்டி, பக்கத்தில் உட்கார்ந்து பொழுதை ஓட்டலாம், அவ்வளவுதான். இது எனக்குச் சுவாரஸ்யமாகத் தெரியவில்லை, குறை என்றே சொல்வேன். உதவுகிற வழி என்னவென்றால், மழை வந்ததும் அந்த மலையை விட்டுவிடுங்கள். சுற்றி வேறு எங்காவது புகை தெரிகிறதா, ஷ்ரைன் என்ற குட்டிப் புதிர்க்கோயிலின் ஆரஞ்சு வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்து அங்கே போங்கள். இந்த கேமில் ஒரு இடத்தையே பிடித்துக்கொண்டு தொங்குபவர்களுக்குத்தான் அதிகக் கஷ்டம்.

இதற்கெல்லாம் அடியில் இருக்கிற யோசனை பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, எனக்கு இந்த கேமில் மிகவும் பிடித்ததே அதுதான். இயக்குநர் ஹிதேமாரோ ஃபுஜிபயாஷியும் அவரது குழுவினரும் 2017இல் கேம் டெவலப்பர்ஸ் கான்பரன்ஸில் இதை விளக்கினார்கள். 1986இல் வந்த முதல் ஜெல்டாவைப் போலவே தட்டையான ஒரு மாதிரி விளையாட்டைச் செய்து, மரத்தைத் தீ வைப்பது, கட்டையை ஆற்றில் விடுவது போன்ற யோசனைகளை அதில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பொருட்கள் மோதுவதற்கு ஒரு இயற்பியல் விதி இருப்பதைப் போல, தீ, நீர், மின்சாரம், காற்று போன்றவற்றுக்கு ஒரு வேதியியல் விதித்தொகுப்பையே உருவாக்கியிருக்கிறார்கள். தீ மரத்தின் நிலையை மாற்றும், நீர் தீயின் நிலையை மாற்றும், ஆனால் ஒரு மரம் இன்னொரு மரத்தின் நிலையை மாற்றாது, இவ்வளவு எளிமையான விதிகள்தான். இதன் பலன் என்னவென்றால், “இது நடக்குமா?” என்று நமக்குத் தோன்றினால் பெரும்பாலும் நடக்கும். புல்லில் தீ வைத்தால் காற்று மேலே கிளம்பும், பாராக்ளைடர் என்ற காற்றில் மிதக்க உதவும் துணியை விரித்தால் அந்தக் காற்று நம்மைத் தூக்கிக்கொண்டு போகும், மேலேயிருந்து வில்லை இழுத்தால் நேரம் மெதுவாகும். பனிமலையில் குளிர் தாங்காமல் உயிரைக் காட்டும் இதயங்கள் குறைந்துகொண்டே வந்தால் கம்பளி உடைதான் வேண்டும் என்றில்லை, மிளகாய் போட்டுச் சமைத்துச் சாப்பிடலாம், இல்லையென்றால் எரிகிற தீவட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாலே போதும். ஒரு சிக்கலுக்கு ஒரே பதில் என்று எங்கேயும் இருக்காது. ஆக்‌ஷன் அட்வெஞ்சர் கேம்கள் பலவற்றில் சுவரில் மஞ்சள் கோடு போட்டு இங்கே ஏறு, இங்கே குதி என்று கைபிடித்து நடத்தும்போது, இது நம் மூளையை நம்புகிறது. அந்த மரியாதைக்காகவே இதன் மீது எனக்கு இவ்வளவு பாசம்.

மேப்பிலும் அதே மரியாதை. 15 டவர்களில் ஏறினால் அந்தந்தப் பகுதியின் மேப் திறக்கும், ஆனால் அதில் வேலைப் பட்டியல் போல நூறு குறிகள் கொட்டிக் கிடக்காது. மேலே நின்று நாமே கண்ணால் பார்த்து, பிடித்த இடத்தில் நாமே குறி வைக்க வேண்டும். நிலத்தின் அமைப்பையே முக்கோணங்களாக யோசித்து வடிவமைத்திருக்கிறார்கள், ஒரு மேடு பின்னால் இருப்பதைப் பாதி மறைக்கும், ஏறுவதா சுற்றிப் போவதா என்று யோசிப்போம், சுற்றி வந்தால் இன்னொன்று கண்ணில் படும். அரை மணி நேரத்தில் போகிற வழியையே மறந்து வேறெங்கோ நிற்பது இதனால்தான். செட்டிங்ஸில் ‘ப்ரோ’ முறைக்கு மாற்றினால் திரையின் ஓரத்து மினி மேப்பும் மறைந்துவிடும். தயவுசெய்து அதை முயன்று பாருங்கள், கேம் நடக்கும் ஹைரூல் நாடு அப்போதுதான் இடமாகத் தெரியும். 2017 ஜூனில் வந்த முதல் டிஎல்சி, அதாவது தனியாக வாங்கும் கூடுதல் பகுதி, இருந்தால் நாம் நடந்த பாதையெல்லாம் மேப்பில் பச்சைக் கோடாகத் தெரியும். கோடே போகாத பெரிய வெற்றிடம் ஒன்று எல்லோர் மேப்பிலும் இருக்கும், அடுத்து எங்கே போவது என்று தெரியாதபோது அங்கே போவது என் வழக்கம்.

இந்த நல்லதெல்லாம் ஒன்றுசேர்ந்து உச்சம் தொடுகிற இடம் என்றால் மேப்பின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் ஈவன்டைட் தீவுதான். கரையில் கால் வைத்ததும் வாள், வில், கவசம், சாப்பாடு எல்லாவற்றையும் பறித்துவிடுகிறார்கள். உள்ளாடையோடு நிற்கிறான் நம் நாயகன் லிங்க். தீவில் மூன்று உருண்டைகளை அதனதன் பீடத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும், ஒன்று ஒரு ராட்சதனின் கழுத்தில் மாலையாகத் தொங்குகிறது. இவ்வளவு நேரம் சேர்த்த சாமானெல்லாம் போய்விட்டது, ஆனால் தெரிந்துகொண்டது எதுவும் போகவில்லை. மரக்கிளையைப் பொறுக்கிக்கொண்டு, வாழைப்பழம் தின்றுகொண்டு, இருட்டும் வரை காத்திருந்து, தூங்குகிறவர்களிடமிருந்து வில்லைத் திருடி, பீப்பாயை வெடிக்க வைத்து, ஒவ்வொன்றாக முன்னேறினேன். கத்தி உடைகிறது என்று கடுப்பானபோதெல்லாம் கேம் எனக்கு என்ன பழக்கிக்கொண்டிருந்தது என்று அந்தத் தீவில்தான் தெரிந்தது. இதைக் கைடு பார்த்து விளையாடிவிடாதீர்கள், நிஜமாகவே வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

சரி, இப்போது எந்தச் சமாதானமும் சொல்ல முடியாத குறைகள். எனக்கு முதலிடத்தில் இருப்பது, அதிகம் பேர் பேசாத ஒன்று: சாப்பாடு. லைனல் என்ற பயங்கர அரக்கனோடு சண்டை, ஒரே ஒரு இதயம்தான் மிச்சம், செத்தோம் என்று நினைக்கும்போது மெனுவைத் திறந்தால் உலகமே நின்றுவிடுகிறது. சாவகாசமாக ஐந்து தட்டுச் சாப்பாட்டை உள்ளே தள்ளிவிட்டு முழு பலத்தோடு சண்டையைத் தொடரலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும். இப்படிச் செய்ய முடியும்போது சண்டையில் பயம் எங்கிருந்து வரும்? எதிரியின் அடியைக் கடைசி நொடியில் தவிர்த்தால் மளமளவென்று திருப்பி அடிக்கிற அருமையான வசதி இருக்கிறது, கேடயத்தைச் சரியான கணத்தில் நீட்டினால் கார்டியன் என்ற இயந்திர எதிரியின் லேசரையே திருப்பி அதன் கண்ணுக்குள் அனுப்பலாம், வெறும் பானை மூடியை வைத்துக்கூட இதைச் செய்யலாம். ஆனால் இவற்றைக் கற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயமே இல்லாமல் சாப்பிட்டே ஜெயித்துவிடலாம் என்பதால் நிறைய பேர் இதெல்லாம் இருப்பது தெரியாமலேயே கேமை முடித்துவிடுகிறார்கள். நான் சண்டை தொடங்கிவிட்டால் மெனுவில் சாப்பிடுவதில்லை என்று எனக்கே ஒரு விதி வைத்துக்கொண்டேன், கேம் இரண்டு மடங்கு நன்றாக இருந்தது.

சமையலே ஒரு வேலை. ஒருமுறை நன்றாக வந்த பதார்த்தத்தை மறுபடி செய்ய ஒவ்வொரு தடவையும் மெனுவில் தேடி ஐந்து சாமானையும் கையில் எடுத்து அடுப்பில் போட வேண்டும், சமையல் குறிப்புகளைச் சேமித்து வைக்கும் வசதி கிடையாது, அதுவும் அடுத்த பாகத்தில்தான் வந்தது. என் கேள்வியை இங்கே போட்டுப் பார்த்தால் பதில் பளிச்சென்று வருகிறது, செய்ததையே மறுபடி செய்ய வைக்கிற சுத்தமான குறை. பாதிப் பாரத்தைக் குறைக்க வழி உண்டு: ‘ஹார்ட்டி’ என்று பெயரில் வருகிற பொருளில் ஒன்றை மட்டும் தனியாகச் சமைத்தாலே முழு உயிரும் திரும்பும், ஐந்தைச் சேர்த்து வீணாக்க வேண்டாம். குளிருக்கு ஒன்று, வேகத்துக்கு ஒன்று என்று இரண்டு குணங்களை ஒரே சட்டியில் கலந்தால் இரண்டுமே போய்விடும்.

எதிரிகளின் வகை ரொம்பக் குறைவு. போகோப்ளின், மோப்ளின், லிசால்ஃபோஸ், இவர்களே சிவப்பு, நீலம், கறுப்பு, வெள்ளி என்று நிறம் மாறி மாறி வருவார்கள். இவ்வளவு பெரிய உலகத்துக்கு இது பத்தவே பத்தாது. 120 ஷ்ரைன்களும் உள்ளே ஒரே நீலக் கல், ஒரே இசை. புதிர்களில் பல பிரமாதம், ஆனால் ஆவலோடு ஒரு மலையைக் கடந்து, ஒளிந்திருந்த ஷ்ரைனைக் கண்டுபிடித்து உள்ளே போனால், அதே குட்டிக் கார்டியனோடு அதே சண்டை என்று ‘டெஸ்ட் ஆஃப் ஸ்ட்ரெங்த்’ பலகை தெரியும்போது மனசு விட்டுப்போகும். கண்ட்ரோலரைச் சாய்த்துச் சாய்த்துப் பந்தை உருட்டும் புதிர்கள் இன்னொரு தலைவலி, ஹடேனோ கிராமத்து ஷ்ரைனில் அப்படி ஒரு புதிர்ப்பாதை இருக்கிறது. கண்ட்ரோலரை அப்படியே தலைகீழாகத் திருப்பினால் பலகையின் தட்டையான அடிப்பக்கம் மேலே வரும், பந்தை அதன் மேல் உருட்டிக்கொண்டு போய்விடலாம். இந்தத் தந்திரத்தையும் கேம் அனுமதிக்கிறது என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

டிவைன் பீஸ்டுகள் என்ற நான்கு ராட்சத இயந்திர மிருகங்கள் வெளியே பார்க்கப் பிரம்மாண்டம், அதன் உறுப்புகளை நாமே அசைத்து உள்ளே வழி உண்டாக்குவது புத்திசாலித்தனமான வடிவமைப்பு, ஆனால் உள்ளே நான்கும் ஒரே நிறம், கடைசியில் வரும் பெரிய எதிரிகளான பாஸ்களும் ஒரே அச்சில் வார்த்தவர்கள். பழைய ஜெல்டா கேம்களின் கோயில்களை நேசித்தவர்களுக்கு இது ஏமாற்றமாகத்தான் இருக்கும், அவர்களோடு நான் வாதாட மாட்டேன். நான்கையும் முடித்துவிட்டுக் கோட்டைக்குப் போனால் கடைசி வில்லன் கேனனின் உயிரில் பாதி ஆரம்பத்திலேயே போய்விடும், கதைக்கு அது நியாயம், சண்டைக்கு அது நஷ்டம். கோரோக் காட்டுக்குள் போனால் ஸ்விட்சில் படம் திக்கித் திணறும், 2025இல் வந்த ஸ்விட்ச் 2 பதிப்பில் அது சரியாகிவிட்டது.

கதையைப் பற்றி என் மனம் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. நூறு வருஷத்துக்கு முன் நடந்தவை நினைவுகளாக அங்கங்கே சிதறிக் கிடக்கின்றன, எந்த வரிசையிலும் கிடைக்கும். எவ்வளவு பிரார்த்தித்தும் தன் சக்தி விழிக்காமல், அப்பாவிடம் திட்டு வாங்கி, பின்னாலேயே வருகிற வீரன் மேல் எரிந்துவிழுகிற இளவரசி ஜெல்டா இந்த கேம் தொடரிலேயே எனக்கு மிகவும் நெருக்கமானவள். ஆனால் அவள் அழுவதை முதலிலும் கோபப்படுவதைக் கடைசியிலும் பார்த்தால் அந்த உணர்ச்சி வளர இடமே இல்லை. எல்லாம் கிடைத்ததும் மெனுவில் வரிசையாகப் போட்டு ஒருமுறை பாருங்கள், முழுக் கதை அப்போதுதான் நெஞ்சில் இறங்கும்.

ஷ்ரைன் உருண்டைகள் நான்கைக் கொடுத்து இதயமா ஸ்டாமினாவா என்று கேட்கும்போது முதலில் ஸ்டாமினாவையே வாங்குங்கள், ஏறுவதும் பறப்பதும் நீந்துவதும் அதை நம்பித்தான். மாஸ்டர் வாளை எடுக்க 13 இதயங்கள் வேண்டும், சாப்பாட்டில் வரும் மஞ்சள் இதயங்கள் கணக்கில் சேராது. அதற்காக முன்கூட்டியே கவலைப்பட வேண்டாம், ஹடேனோவில் இருக்கும் கொம்பு வைத்த சிலையிடம் கேமின் காசான ரூப்பி கொஞ்சம் செலவழித்தால் ஸ்டாமினாவை இதயமாகவும் இதயத்தை ஸ்டாமினாவாகவும் மாற்றிக்கொள்ளலாம்.

கேனனிடம் எப்போது போவது என்று நிறைய பேர் கேட்கிறார்கள். தொடக்கப் பீடபூமியில் பாராக்ளைடர் கிடைத்த நிமிடமே போகலாம், கேம் தடுக்காது. 120 ஷ்ரைனையும் முடித்துவிட்டுத்தான் போவேன் என்று இருப்பவர்கள் பலர் பாதியில் சலித்துப்போய்க் கோட்டையைப் பார்க்காமலேயே விட்டுவிடுகிறார்கள், அது பெரிய இழப்பு, ஏனென்றால் ஹைரூல் கோட்டை இந்த கேமின் மிகச் சிறந்த இடங்களில் ஒன்று, எந்தப் பக்கத்திலிருந்தும் ஏறி, நீந்தி, பறந்து நுழையலாம். சுற்றுகிற ஆசை குறைகிற மாதிரி தெரிந்தால் உடனே கோட்டைக்குக் கிளம்பிவிடுங்கள், ஒன்றிரண்டு டிவைன் பீஸ்டுகளை விட்டுவிட்டுப் போனால் கடைசிச் சண்டையும் கொஞ்சம் காரமாக இருக்கும். ஜெயித்த பிறகு சேவ் கடைசிச் சண்டைக்கு முந்தைய நிலைக்கே திரும்பும், பக்கத்தில் ஒரு நட்சத்திரம் சேர்ந்திருக்கும், மேப்பில் எத்தனை சதவீதம் பார்த்திருக்கிறீர்கள் என்ற எண்ணும் வந்துவிடும். விட்டுப்போன ஷ்ரைன்களை அதற்கப்புறம் தேடிக்கொள்ளலாம்.